எருமைத்தோல் வாரில் வந்த வீடு

எங்கள் புது வீட்டை நான் முதன்முதலில் பார்த்தது ஓர் எருமைத்தோல் வாரில். அதில் நான்கு முடிச்சுகள் இருந்தன. என் கணவர் அதைக் கூடத்துத் தரையில் நீளமாகப் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "இதான் வீடு" என்றார்.

அந்தக் காலத்து ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. வெளியே போவதென்றால் தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, திரை கட்டிய வண்டியில் ஏற வேண்டும். கல்யாணத்துக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம், பிள்ளைப்பேற்றுக்குப் போகலாம். குடியிருக்கப் போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எவளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள். வீடு பார்ப்பது ஆண்கள் வேலை, அதற்குள் காலம் தள்ளுவது எங்கள் வேலை. அடுப்பு எந்த மூலையில், புகை எப்படி வெளியே போகும், கழுவின தண்ணீர் எங்கே ஓடும் என்று எதைக் கேட்டாலும், "வீடு நல்லா கீது" என்று ஒரே பதில்தான் வரும். இவர் அளந்துகொண்டாவது வந்தாரே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அவர் தோல் வியாபாரி. ஆட்டுத் தோலை விரலால் ஒரு தடவு தடவி, அந்த ஆடு பாலாற்றங்கரையில் மேய்ந்ததா, ஜவ்வாது மலையில் மேய்ந்ததா என்று சொல்லிவிடுவேன் என்பார். ஆட்டைக் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லாததால் அதை யாரும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு ஆசாரியின் அளவுகோல் மேல் நம்பிக்கை இல்லை. "ஆசாரி கோலு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். தோலு பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, தோல் பதனிடும் தன் ஷாப் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க அறுத்து வைத்திருந்த பச்சைத்தோல் வாரை எடுத்துப்போய், வீட்டை அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். முதல் முடிச்சு வரை நடை, அடுத்தது வரை அறை, அதற்கடுத்தது வரை கூடம், கடைசி முடிச்சில் சமையலறை முடிந்தது. வீடும் முடிந்தது.

தோல் பொய் சொல்லாதாம். நனைத்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும், இழுத்தால் இழுத்த பக்கம் வரும். அதைவிடச் சரளமாகப் பொய் சொல்கிற பொருளை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து தோலோடு புரண்டவருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். ஷாப்பில் இருக்கும்வரை தெரியும். வீட்டு வாசற்படி ஏறியதும் ஆண்களுக்குப் பாதி அறிவு கழன்றுவிடும் என்பது என் அனுபவம்.

ஏன் வீடு மாறுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் சீமையில் நம் தோலைக் கேட்பாரில்லை. மெட்ராசுக்குப் போன சிப்பங்கள் கப்பல் ஏறாமல் அங்கேயே கிடந்தன. ஷாப்பில் ஊறப்போடும் தொட்டிகளில் பாதி காய்ந்துகிடந்தன. கூட்டாக வியாபாரம் செய்துவந்த என் கொழுந்தனார் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு, பெண்டாட்டி ஊரான நாட்றம்பள்ளிக்குப் போய் மளிகைக் கடை வைத்துவிட்டார். அத்தனை பெரிய வீட்டில் நாங்கள் மட்டும் இருந்து என்ன செய்வது? அதை வேறொருவருக்கு விட்டுவிட்டு ஊரின் மறுபக்கத்தில் ஒரு சந்தில் சின்ன வீடு பிடித்தோம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய வீட்டைப் பெருக்கியவள் நான்.

நாங்கள் என்றால் யார் என்று சொல்லவேண்டும். அவர், நான், ஐந்து வயது மகள். அப்புறம் ஆபா.

அக்காவை ஆபா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். இவர் என் கணவருக்கு அக்கா. வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்தவர். வரும்போது புகுந்த வீட்டிலிருந்து வேறெதையும் கேட்கவில்லை, தன் கல்யாணக் கட்டிலை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேக்குக் கட்டில். கடைந்த கால்கள், தலைமாட்டில் செதுக்கிய பூ. ஒரு குடும்பமே படுக்கலாம், ஆனால் ஆபாவைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக்கூட முடியாது. என் மகள் ஒருமுறை அதன்மேல் ஏறிக் குதித்ததற்கு, பத்து நாள் என்னை ஏசினார். குதித்தவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கும் ஆபாவுக்கும் சண்டை என்பது ஓய்ந்ததே கிடையாது. காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்கினால், நடுவில் தொழுகைக்கு நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பவும் பிடிப்போம். நான் திமிரியிலிருந்து வந்தவள். அப்பா மல்லாட்டைக் கடலை வியாபாரம், கொஞ்சம் நிலம். அதனால் ஆபாவுக்கு நான் கடைசிவரை பட்டிக்காட்டுப் பெண்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ திமிரி" என்பார். பிரியாணிக்கு நான் மிளகாய் அரைத்தால், "உங்க ஊர்ல மாட்டுக்கு இப்படித்தான் அரைப்பாங்களா?" என்பார். நானும் சும்மா இருந்ததில்லை. "மாடு குத்தம் சொல்லாம துன்னும் ஆபா" என்பேன்.

இப்போது வாரும் நான்கு முடிச்சும் வந்த நாளுக்குத் திரும்புகிறேன். அவர் ஷாப்பிலிருந்து ஒரு கூடை சுண்ணாம்புத் தூள் கொண்டுவந்தார். பின்கட்டு முற்றத்தில் மேற்குச் சுவரிலிருந்து வாரைப் பிடித்து அளந்து, புது வீட்டை அப்படியே தரையில் கோடாகப் போட்டார். கிணற்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வீடு முடிந்துவிட்டது. பெரிய வீட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்ன வீடு வெள்ளையாகப் படுத்திருந்தது. "இதுக்குள்ள எது அடங்குதோ அது நம்மோட வருது. அடங்காதது வராது" என்று சொல்லிவிட்டு ஷாப்புக்குப் போனார்.

அந்த நாள் முழுவதும் நாங்கள் அந்தக் கோட்டுக்குள்தான் குடித்தனம் செய்தோம். அண்டாவைத் தூக்கிவந்து வைத்துப் பார்த்தோம், எடுத்தோம். பிரியாணி டேக்ஸா மூன்று இருந்தது. ஐம்பது பேருக்குச் சமைக்கிற டேக்ஸாவை வைத்தால் சமைக்கிறவள் நடைக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்குத்தான் கொண்டாட்டம், கூடத்திலிருந்து அறைக்கு நேராக நடந்தாள். "சொவுத்துல பூந்து போவாத, வாசல்ல வா" என்று ஆபா அதட்டினார். அவளும் திரும்பிப் போய் வாசல் இருந்த இடத்தில் குனிந்து வந்தாள். அந்த வாசல் அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னதோ. கோழி ஒன்று சமையலறைக்குள் வந்து நின்றுகொண்டு வெளியே போக மறுத்தது. நானும் ஆபாவும் அந்தக் கோட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு சண்டை போட்டோம்.

சாயங்காலம் அவர் வந்ததும் நாலு ஆள் பிடித்து ஆபாவின் கட்டிலைத் தூக்கிவரச் செய்தார். அறை எங்கள் மூன்று பேருக்கு. கூடத்தில் வெளி ஆண்கள் வருவார்கள், அங்கே ஆபா படுக்க முடியாது. மிச்சம் இருந்தது நடைதான். நடையில் கட்டிலை இறக்கிவிட்டு ஆட்கள் வெளியே போனதும் நாங்கள் முற்றத்துக்கு வந்தோம். கால்மாடு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. அவர் குனிந்து கையை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரக்கடை இடிக்குது" என்றார்.

"கால்மாட்டுல நாலு விரக்கடை அறுத்துட்டா சரியாப் பூடும்" என்று அவரே வழியும் சொன்னார்.

"உன் கால்ல நாலு விரக்கடை அறுக்கறேன், வா" என்றார் ஆபா.

"பாய் போட்டுக்கலாமே ஆபா" என்றேன் நான்.

"நீ போட்டுக்க. நான் பாயில படுத்தா என்னை எழுப்ப ரெண்டு ஆளு வெக்கணும்."

அப்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். நாட்றம்பள்ளியிலிருந்து தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறானாம். ஆபாவை இத்தனை வருஷம் அண்ணன் வைத்துக்கொண்டது போதும், இனி தன் முறை என்றானாம். அவன் வீட்டில் இடத்துக்குக் குறைவில்லை. கட்டிலும் தாராளமாகக் கொள்ளும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வண்டி வரும். இதையெல்லாம் அவர் ஆபாவைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"போறேன். நாட்றம்பள்ளியில காத்தாவது வரும்" என்றார் ஆபா. எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆபா ஏற்கெனவே ஒருமுறை நாட்றம்பள்ளிக்குப் போனவர். ஒரு மாசம் தங்கப் போவதாகச் சொல்லிப் போய், ஒரு வாரம் முடிவதற்குள் வந்து நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அங்க மரியாதை ஜாஸ்தி" என்றார், யாரோ அடித்துவிட்டதைப் போல. அந்த வீட்டில் அவருக்கு முதலில் சோறு போட்டார்கள். அவர் உள்ளே வந்தால் எழுந்து நின்றார்கள். குழம்பில் உப்பு சரியா என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. ஒருவரும் அவரோடு சண்டை போடவில்லை.

அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் குஷிதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? இனி என் இஷ்டத்துக்கு அரைப்பேன், என் இஷ்டத்துக்குத் தாளிப்பேன் என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். மறுநாள் காலை அடுப்படியில் ஆபா இல்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டார். நான் மசாலா அரைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு, தோல் விலை இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சின்ன வீட்டில் தினமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அவர் வருவார், தோல் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், போவார். நான் ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்ல ஆளிருக்காது. இந்தக் கிழவியை அனுப்பிவிட்டு நான் என்ன செய்வேன் என்று நினைத்தபோது அழுகையே வந்தது. கோபமும் வந்தது. நாலு விரக்கடைக்காக ஒரு மனுஷியை வண்டியேற்றுவார்களா?

ஆபாவிடம் போய், போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சு யாருக்கும் வாயில் வராது. அண்டா, டேக்ஸா, கட்டில் பற்றிப் பேசச் சொன்னால் நாளெல்லாம் பேசுவோம்.

வார் கூடத்து ஆணியில் தொங்கியது. திமிரியில் எங்கள் கிணற்றில் கவலை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பச்சைத்தோலை என்ன செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஷாப்பில், ஆபா படுக்கையில். வாரை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன். நன்றாக ஊறியதும் கொல்லைப்புற முருங்கைக் கிளையில் கட்டி, கீழே அம்மிக் குழவியைத் தொங்கவிட்டேன். அப்படியே காயவேண்டும், காயும்போது சுருங்க விடக்கூடாது. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து அவிழ்த்தபோது முதல் முடிச்சு வரைக்கும் ஒரு சாண் கூடியிருந்தது. நாலு விரக்கடைக்கு ஒரு சாண் போதாதா? பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். இனி கோட்டைத் திரும்பப் போடவைத்தால் போதும். அதையும் கோழிகளே பார்த்துக்கொண்டன. இரண்டே நாளில் அவை புது வீட்டைக் கிளறி ஒரு பக்கச் சுவரை இல்லாமல் செய்துவிட்டன.

மறுநாள் ஆணியில் வாரைக் காணோம். எனக்குத் திக்கென்றது. சாயங்காலம் அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "மறதியா எடுத்தும் பூட்டேன்" என்றார். மறதியில் குடையை எடுத்துப் போகலாம். ஒரு வீட்டையா எடுத்துப் போவார்கள்? அவர் குளிக்கப் போனபிறகு வாரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, ஊறல் தொட்டி நாற்றம் அடித்தது. இரண்டு முனையிலும் புதிதாக ஆணி அடித்த துளை. ஷாப்பில் தோலை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் காயவைக்கிற பலகை இருக்கிறது. ஆட்டின் மேய்ச்சலைக் கண்டுபிடிக்கிற விரலுக்கு, வாரை யாரோ ஏற்கெனவே நனைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருக்கும். ஆனால் அதைக் கேட்டால் தன் ஆணித் துளைக்கும் பதில் சொல்லவேண்டி வருமே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ராத்திரி அவருக்குச் சோற்றில் இரண்டு கறித்துண்டு கூடுதலாகப் போட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கொல்லைப்பக்கம் போனேன். ஒரு குடம் தண்ணீர்கூட எடுத்துப் பழக்கமில்லாத ஆபா, தொட்டி ஓரத்தில் குந்திக்கொண்டு எதையோ முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். வார். பக்கத்தில் என் அம்மிக் குழவி தயாராக இருந்தது.

"இன்னா ஆபா பண்றீங்க?"

"ஒரே அழுக்கா இருந்துச்சு. தொவைக்கறேன்."

"தோலை யாராவது தொவைப்பாங்களா?"

"உங்க ஊர்ல தொவைக்க மாட்டாங்க. நாங்க சுத்தமானவங்க."

"குழவி எதுக்கு?"

"காத்துல பறந்துடாம இருக்க."

காற்றே இல்லை. முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் இன்னும் பலமாகப் பிழிந்தார். போறேன் போறேன் என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்ன மனுஷி. "கிளை ஒசரமா கீது, குடுங்க, நான் கட்டறேன்" என்று வாங்கி, நானே கட்டிவிட்டேன். குழவியையும் இறுக்கி முடிந்தேன். அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை.

வியாழக்கிழமை அவர் சுண்ணாம்புக் கூடையோடு முற்றத்துக்கு வந்தார். "கோழி அழிச்சிட்டுது. திரும்பப் போட்டுப் பாத்துடுவோம்" என்றார், என்னவோ கோழிக்காகத்தான் செய்வதைப் போல. மேற்குச் சுவரிலிருந்து தொடங்கினார். நடை போட்டார். நடை போய்க்கொண்டே இருந்தது. அறை போட்டார், எங்கள் பழைய அறையைவிடப் பெரிதாக வந்தது. கூடத்தில் ஒரு கல்யாணம் நடத்தலாம். மூன்று பேர் மூன்று தடவை இழுத்த வார் அல்லவா? சமையலறைக்கு வரும்போது கிணற்றுச் சுவர் குறுக்கே வந்துவிட்டது. வாரில் இன்னும் மிச்சம் இருந்தது. கடைசி முடிச்சு கிணற்றுக்குள் தொங்கியது.

அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் ஆபாவைப் பார்க்கவில்லை. ஆபா கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி அவசரத்துல தப்பாப் போட்டுட்டேன் போல கீது" என்றார் அவர்.

"சமையல்கட்டுல தண்ணி வசதி நல்லா கீது" என்றேன் நான்.

"சின்ன வூடுன்னு சொன்னியேடா" என்றார் ஆபா. "வேலூர்க் கோட்டையவா முடிச்சிக்கினு வந்துகீற?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மூன்று பேருமே மாட்டிக்கொள்வோம். மகள் மட்டும் புது நடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாரைச் சுருட்டிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, வெளியே கிளம்பினார். சுண்ணாம்பை எதுவரைக்கும் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், செங்கல் சுவரை நனைத்து இழுக்க முடியாதே. மறுநாள் வண்டி வரப்போகிறது. இந்த விளையாட்டு அன்றோடு முடிந்தாக வேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் ஆசாரியையும் ஆசாரியின் கோலையும் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போயிருக்கிறார். இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"மொதல்ல அளந்ததுதான் சரி" என்றார். "நாலு விரக்கடை கம்மி."

ஆபா தன் பெட்டியைத் திறந்தார். தன்னுடைய பித்தளைக் கைப்பிடி போட்ட பாக்குவெட்டியை எடுத்து என் பக்கமாகத் தரையில் தள்ளினார். அந்தப் பாக்குவெட்டிக்காக நானும் அவரும் எத்தனை தடவை கட்டிப் புரண்டிருக்கிறோம். நான் தொட்டாலே பறிப்பார்.

"வெச்சிக்க" என்றார்.

"எனக்கு வேணாம்."

"நல்லா வெட்டும். எண்ணெய் போட்டு வெச்சிக்க."

"வேணாம்னு சொல்றேன் இல்ல? நாட்றம்பள்ளிக்கே எடுத்தும் போங்க. அங்க உங்களுக்குப் பாக்கு வெட்டி, வெத்தலை மடிச்சு, வாயில ஊட்டுவாங்க. இங்க இருந்தா என்னோட கத்தணும். போங்க, நல்லா மரியாதையா இருங்க."

வழக்கமாக இதற்கு என் குலம் கோத்திரமெல்லாம் இழுத்திருப்பார். நான் காத்திருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தார். சண்டை போடாமல் கொடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய், புகை என்று சொல்லிக்கொண்டு அழுதேன். அடுப்பு மூட்டியிருக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நாட்றம்பள்ளியிலிருந்து இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று திறந்த வண்டி, கட்டிலுக்கு. இன்னொன்று திரை கட்டியது, ஆபாவுக்கு. எங்கள் சாமான்களெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. மறுநாள் காலை நாங்களும் கிளம்ப வேண்டும். வீடு முழுக்க மூட்டையும் வைக்கோலுமாகக் கிடந்தது. கட்டிலைத் தூக்க ஆட்கள் வந்தபோது நாங்கள் உள்ளே ஒதுங்கிக்கொண்டோம். அது நடையைத் தாண்டும்போது சுவரில் உராய்ந்த சத்தம் கேட்டது. ஆபா தலையோடு துப்பட்டி போர்த்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

வெளியே சத்தம் ஓய்ந்தது. ஆபா எழுந்து தெருக்கதவுக்குப் பின்னால் போய் நின்றார். நானும் போனேன். கதவிடுக்கில் வண்டிக்காரரின் தலைப்பாகை தெரிந்தது. என் கணவர் படியில் நின்றிருந்தார்.

"கட்டிலு ஏறிட்டுதா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார் ஆபா.

"ஏறிட்டுதுங்கம்மா" என்றார் வண்டிக்காரர்.

"கயிறு நல்லா இறுக்கிக் கட்டினியா? வழியெல்லாம் மேடு பள்ளம்."

"கட்டிட்டேங்க. நீங்க வந்து ஏறிக்கினீங்கன்னா கெளம்பிடலாம்."

"நீ கெளம்பு."

வண்டிக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கதவைப் பார்த்தார்.

"ஆபா, உனக்குத்தான் வண்டி வந்துகீது" என்றார்.

"கட்டிலுக்கு எடமில்லன்னு நீயும் அளந்த, ஆசாரியும் அளந்தான். அது போவுது" என்றார் ஆபா. "எனக்கு எடமில்லன்னு எவனாவது அளந்தானா?"

என் கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜும்ஆவுக்குக் குளித்துப் போட்ட துண்டு, அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஆபா என் பக்கம் திரும்பினார். துப்பட்டிக்குள்ளிருந்து கண்கள் மட்டும் தெரிந்தன.

"எடமில்லன்னு நீ சொன்னியா, திமிரி?"

"இல்ல ஆபா."

"அப்பறம் நான் இன்னாத்துக்குப் போவணும்?"

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை.

"தம்பிகிட்ட சொல்லுப்பா" என்று ஆபா வெளியே குரல் கொடுத்தார். "கட்டிலு நல்ல கட்டிலு, தேக்கு. ஆபா குடுத்தனுப்பினான்னு சொல்லு. புள்ளைங்கள ஏறிக் குதிக்கச் சொல்லு, பரவால்ல."

வண்டிகள் கிளம்பின. திறந்த வண்டியில் கட்டில், பின்னால் வெறும் திரையோடு இன்னொரு வண்டி. தெருமுனை திரும்புகிறவரை ஆபா கதவிடுக்கில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டிலில் அவர் கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருக்கிறார், அதன்மேல்தான் அவர் புருஷன் செத்தார். நான் சத்தம் போட்டே அழுதேன். இந்தத் தடவை புகை என்று சொல்லவில்லை.

ஆபா கதவைச் சாத்தினார். துப்பட்டியைக் கழற்றி என் கையில் போட்டார்.

"அழுது முடிச்சிட்டு இத ஒழுங்கா மடிச்சு வை" என்றார். "நாளைக்குப் புது வூட்டுக்குப் போறப்ப நான் போத்திக்கணும்."